பெரட்டில் சொன்னது

காஜா பெராங், மலாக்கா
26-2-1956

அண்ணனுக்கு,

நம் ஓடைக்கரையை அழித்தது நீங்கள்தான். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

போன ஜூலையில், கிள்ளானுக்கு மாற்றலாகிப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, காலைப் பெரட்டில் மண்டோராக நின்று, கொசு எண்ணெய் அடிக்கும் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்தீர்கள். நான் உங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் நின்றேன். "மருதமுத்து, ஓடைக்கு ரெண்டு பக்கமும் நீப்பா, பெரெம்பாங், புல்லு, ஒண்ணும் நிக்கக்கூடாது. வேரோட எடுத்துடு" என்றீர்கள். அவர் "மண்டோரே, வேரையுமா?" என்று கேட்டார். "ஏன், நான் என்னா சீனத்துலயா பேசுறேன்?" என்றீர்கள். வரிசையே சிரித்தது. ஒரு வாரத்தில் கரை மொட்டை.

கடல் ஏறும்போது நம் ஓடையும் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். இறங்கும்போது இப்போது மண்ணையும் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. பிடித்து நிறுத்த வேர் இல்லை. நவம்பர் மழையில் லைனில் கடைசி வீடான மருதமுத்து அண்ணன் வீட்டின் சமையல்கட்டுச் சுவர் போனது. நாம் துணி உலர்த்தும் கொடிக்கம்பம் நின்ற இடம் ஓடைக்குள் இருக்கிறது.

போன வாரம் முனிசிபல் அலுவலகத்துத் துரை வந்து பார்த்தார். லைன் ஆட்கள் விறகுக்காகக் கரையை வெட்டிவிட்டார்களாம். அடுத்த வருஷ மழைக்குள் கரை நிற்காவிட்டால் லைன் வீடுகள் பன்னிரண்டையும் இடிப்பார்களாம். நாங்கள் செமாபோக் பக்கம் எங்காவது போய்க்கொள்ள வேண்டுமாம். 'எங்காவது' என்பது அவர் வாயிலிருந்து வந்த சொல். அம்மா இருபது வருஷம் ரோடு கூட்டும் வேலைக்காகக் கிடைத்த வீடு அது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வெட்டச் சொன்னது நான் என்று துரைக்கு எழுதுங்கள்.

இனி நலம். அம்மாவுக்கு முட்டிவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. பண்டார் ஹிலிர் பாடாங் திடலில் சுதந்திரம் வருகிறது என்று பெரிய கூட்டம் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மறுநாள் காலை அந்தப் பாடாங்கைக் கூட்டியது அம்மா. மூன்று வண்டிக் குப்பை என்று சொன்னார். அண்ணிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

தனலட்சுமி


கிள்ளான்
11-3-1956

தங்கை தனத்துக்கு அண்ணன் கலியாணசுந்தரத்தின் ஆசிகள்.

நாங்கள் மூவரும் சுகம். பையன் குப்புற விழத் தொடங்கிவிட்டான். அம்மாவின் முட்டிக்குத் தைலம் ஒரு புட்டி, ஊருக்கு வரும் லோரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

மூத்தவனுக்குக் கடிதம் எழுதும் முறை அதுவல்ல. உன் வயதைப் பார்த்து விட்டுவிடுகிறேன்.

கொசு ஒழிப்பு வேலை பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. நான் இந்த வேலையைக் கற்றது கித்தாப் பால் வெட்டும் தோட்டத்துச் சதுப்பில். ஆளை மறைக்கும் புதர், பகலிலேயே இருட்டு. வாரம் ஒரு குழந்தை செத்தது. நிழலை வெட்டி வெயிலை உள்ளே விட்டோம். ஆறு மாதத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில் காலி. அதை என் கண்ணால் பார்த்தவன் நான். நிழல்தான் கொசுவுக்கு வீடு. மலாக்காவிலும் கெட்ட எண்ணத்தில் யாரும் எதையும் செய்யவில்லை.

மற்றபடி அப்படி ஓர் உத்தரவு என் கையெழுத்தில் எங்கும் இல்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்.

இங்கே இருக்கும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் அடுத்த வருஷம் சீமைக்குப் போகிறார். அந்த நாற்காலிக்கு நம்மவர் ஒருவரை எடுப்பார்கள் என்று பேச்சு. ரோடு கூட்டுபவளின் மகன் அதில் உட்கார்ந்தால் உனக்கும் பெருமைதானே. இந்த நேரத்தில் நாலு பேர் காதில் விழும்படி எதையும் பேசாதே.

அம்மாவை வேலையை விடச் சொல். இங்கே அலுவலகத்தில் கிராணி வேலையில் ஒரு நல்ல பையன் இருக்கிறான். உன் படம் ஒன்று அனுப்பு.

க. சுந்தரம்


காஜா பெராங்
15-4-1956

அண்ணனுக்கு,

தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். நீங்கள் மூவரும் நலமாயிருப்பதில் மகிழ்ச்சி. என் படம் வராது.

நான் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. கையெழுத்து இல்லை என்கிறீர்கள். பெரட்டில் யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்? சரி, நீங்கள் எழுதும்வரை உட்கார்ந்திருக்க எங்களுக்கு நேரமில்லை. கரையை நாங்களே மறுபடி நடுகிறோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஐந்து பேர் இறங்கினோம். நான், மருதமுத்து அண்ணன், அவர் மனைவி ருக்மணி அக்கா, அம்மா, அப்புறம் செட்டி கம்போங்கிலிருந்து பூங்காவனம் அக்கா. உங்களுக்கு அவரைத் தெரியும், தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவருவாரே. பேர்தான் தமிழ். பேசுவது முழுக்க அவர்கள் வீட்டு மலாய். அவர்கள் வீட்டுக் கூரைக்கு அத்தாப்பு ஓலை நம் ஓடை நீப்பாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷத்திலிருந்து காசு கொடுத்து வாங்குகிறார்களாம். அந்தக் கோபத்தோடு வந்தார். வளைவுக்கு அப்பால் நீங்கள் வெட்டாமல் விட்ட இடத்திலிருந்து முளைவிட்ட நீப்பாக் காய்களை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, "சினி! சினி!" என்று இடத்தைக் காட்டி என்னை விரட்டினார். நான் தலைகீழாக ஊன்றிய காயைப் பிடுங்கி என் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார். ருக்மணி அக்கா, "தையக்காரி நட்டா அப்படித்தான்லா, உள்பக்கத்த வெளிய வச்சிடுவா" என்றார்.

மூங்கிலை வரிசையாய் அடித்து அதில் தென்னை மட்டையைப் பின்னி வேலி கட்டினோம். கடல் ஏற்றத்தில் வரும் சேறு உள்ளே தங்குகிறது. தங்கிய சேற்றில் நடுகிறோம். மூன்றாவது ஞாயிறு அக்கரையில் அத்தாப்பு பின்னும் மலாய்க் குடும்பம் தாங்களாகவே வந்தது. இப்போது இருபது பேருக்கு மேல்.

வராதவர்களையும் சொல்ல வேண்டும். ஜாலான் துக்காங் எமாஸில் என் தையல்கடை முதலாளி தெய்வநாயகம், கோயில் கமிட்டியில் இருப்பவர், ஞாயிறன்று நான் சேற்றில் இறங்குவதைக் கேள்விப்பட்டார்.

"ஏம்மா, கூலி வேல செய்யவா ஒன்ன தையல் படிக்க வச்சாங்க? சேத்துல எறங்குன கையால என் கடைப் பட்டுத் துணியத் தொடுறியே."

"கழுவிட்டுத்தான் தொடுறேன் மொதலாளி. நீங்க கல்லாவத் தொட்டுட்டுக் கழுவுறீங்களா?"

கல்லாவை இழுத்துச் சாத்தினார். ஆனால் என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஜாக்கெட் தைக்க வேறு ஆள் கிடைக்காது.

பையனுக்கு முத்தங்கள்.

தனலட்சுமி


கிள்ளான்
6-5-1956

தங்கைக்கு,

சுகம். அம்மாவையும் சேற்றில் இறக்கிவிட்டாயா? அவள் வயது என்ன என்று உனக்குத் தெரியுமா?

புதரை வளர்த்தால் கொசுவும் வளரும். பிறகு என்னைச் சொல்லாதே.

நட்டே தீருவது என்றால் ஏற்றத்தின் கடைசிக் கோட்டுக்கு மேலே நடாதே, காய்ந்துவிடும். மூங்கிலை நேராக அடிக்காதே. ஓடைப் பக்கம் சற்றுச் சாய்த்து அடி. நேராக அடித்தால் இறங்கும் தண்ணீர் அடியைத் தோண்டிவிடும். தண்ணீர் போய்வர வேலியில் ஆறடிக்கு ஒரு வாய் விடு.

கிராணி வீட்டார் மறுபடி கேட்டார்கள்.

க. சுந்தரம்


காஜா பெராங்
1-7-1956

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுத முடியவில்லை. லைனில் ஐந்து வீட்டில் குளிர்காய்ச்சல். அம்மா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போன புதன்கிழமைதான் வந்தார். உங்களுக்கு எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். நான் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன்.

மூங்கிலைச் சாய்த்து அடித்தோம். நீங்கள் சொன்னது சரி. நேராக அடித்த பழைய வேலி இரண்டு இடத்தில் போய்விட்டது. சாய்த்தது நிற்கிறது. இவ்வளவு தெரிந்தவர் வேரோடு எடுக்கச் சொன்னாரே என்று மருதமுத்து அண்ணன் சேற்றில் நின்று சிரித்தார். அவருக்கு உங்கள்மேல் கோபமே வராது. எனக்கு அதுவே எரிச்சல்.

காய்ச்சல் புதரால் வந்தது என்று லைனில் சிலர் எங்கள் நாற்றைப் பிடுங்க வந்தார்கள். மருதமுத்து அண்ணன் வேலைக்குக் கொண்டுபோகும் அகப்பையை எடுத்துவந்தார். வெயில் விழும் குட்டையில் மொண்டு காட்டினார், கொசுப்புழு துள்ளியது. எல்லாரையும் வளைவுக்கு அப்பால் நீப்பா நிழலுக்கு அழைத்துப்போய் மொண்டார். வெறும் தண்ணீர். அலுவலகத்திலிருந்து புழு பிடித்துப்போன ஆளும் அதையே சொன்னார். உப்பு கலந்த தண்ணீரில் வளரும் இந்தக் கொசுவுக்கு வெயில்தான் பிடிக்குமாம். தோட்டத்துச் சதுப்பில் நீங்கள் பார்த்தது வேறு கொசு. அங்கே பிழைக்க வைத்த வேலையை இங்கே கொண்டுவந்து எங்களைப் படுக்கப் போட்டிருக்கிறீர்கள். இப்போது நாற்றைப் பிடுங்க வந்தவர்களும் ஞாயிறு நடுகிறார்கள்.

இதைக் கேட்டபிறகு துரை விசாரணை வைத்தார். அலுவலகத்துக் கிராணி பொன்னுதுரை மொழிபெயர்த்தார்.

"தொர கேக்குறாரு. கரைய யாரு வெட்டச் சொன்னது?"

"மண்டோருங்க. பெரட்டுல சொன்னாரு," என்றார் மருதமுத்து அண்ணன்.

"எழுத்துல இருக்கா?"

"பெரட்டுல யாருங்க எழுதிக் குடுப்பா? வாயால சொல்லுவாங்க, கையால செய்வோம்."

நான் முன்னால் போய், "நானும் கேட்டேன். கோப்பி எடுத்துக்கிட்டுப் பக்கத்துல நின்னேன்" என்றேன்.

பொன்னுதுரை அதை மொழிபெயர்க்கவே இல்லை. "நீ அவரு தங்கச்சிதானே? அண்ணன் தங்கச்சி சண்டைய வூட்டுல வச்சிக்கம்மா" என்றார்.

துரை உங்களைக் கேட்டு எழுதப்போகிறார். வெட்டச் சொன்னது நீங்கள் என்று ஒரு வரி போதும். விறகுக்கு வெட்டினார்கள் என்ற பழி லைன்மேல் இருந்து இறங்கிவிடும். வீடு நிற்கும்.

தனலட்சுமி


காஜா பெராங்
26-8-1956

அண்ணனுக்கு,

அம்மா தேறி வேலைக்குப் போகிறார். என் கடிதத்துக்கு எட்டு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மருதமுத்து அண்ணனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உத்தரவில்லாமல் தன் இஷ்டத்துக்குக் கரையை வெட்டினாராம். லைன் எதிர்காலம் முடிவாகும்வரை வீட்டில் இருக்கலாமாம். இப்போது பண்டார் ஹிலிரில் கடைக்கடையாகப் போய் மூட்டை இறக்குகிறார். ஞாயிறு தவறாமல் வந்து நடுகிறார்.

துரை கேட்டதற்கு நீங்கள் என்ன எழுதினீர்கள்?

தனலட்சுமி


கிள்ளான்
16-9-1956

அன்புத் தனம்,

நீயும் அத்தையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே பையன் எழுந்து நிற்கிறான், இரண்டு பல் வந்திருக்கிறது. உன் அண்ணனுக்கு வேலை அதிகம், அதனால் நான் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் வேலைக்கு நேர்காணல் போன வாரம் நடந்தது. நன்றாகச் செய்ததாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். மலாக்காவிலிருந்து ஒரு துரை ஏதோ கேட்டு எழுதியிருந்தது எனக்குத் தெரியும். என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்டேன். "பையன் அழுவுறான் பாரு" என்றார். பையன் அழவில்லை.

இந்த லோரியில் ஒரு சாக்கு வருகிறது. பக்காவ் மரத்துக் காய்கள், முருங்கைக்காய் மாதிரி நீளமாக இருக்கும். சனிக்கிழமை சிலுவாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கடலோரச் சேற்றில் இறங்கி அவரே பொறுக்கினார். நான் கரையில் பையனை வைத்துக்கொண்டு நின்றேன். முட்டிவரை சேறு, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. ஈரச் சாக்கில் கட்டி அவரே தண்ணீர் தெளித்தார். "நீங்களே ரெண்டு வரி எழுதுங்களேன்" என்றேன். "காயி போவுதுல்ல, போதும்" என்றார்.

அவர்மேல் கோபமாயிருந்தாலும் காய்களை நட்டுவிடு.

அன்புடன்,
அண்ணி விஜயா


காஜா பெராங்
2-12-1956

அன்புள்ள அண்ணிக்கு,

பையன் நடக்கிறானா? இங்கே அம்மா, நான், லைன் முழுவதும் சுகம். மழை விட்டு இன்றுதான் வெயில்.

சாக்கு பத்திரமாக வந்தது. மறுத்து அனுப்பலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். காய் என்ன தப்பு செய்தது என்று அம்மா சொன்னதால் நட்டோம். முக்கால்வாசி செத்துவிட்டது. அது கடலோரத்து மரம், அண்ணி. எங்கள் ஓடையில் பாதி மழைத்தண்ணீர். பூங்காவனம் அக்கா சாக்கைத் திறந்தபோதே உதட்டைப் பிதுக்கினார். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: அங்கே விளைவதை இங்கே கொண்டுவருவது இது இரண்டாவது தடவை. பிழைத்தவற்றைக் கடல் பக்கமாக, ஓடை முகப்பில் மாற்றி வைத்திருக்கிறோம். பார்க்கலாம்.

போன வாரம் நான்கு நாள் மழை. கூடவே பெரிய ஏற்றம். ஓடை லைன் படிக்கட்டு வரை வந்தது. மூங்கில் வேலி தண்ணீருக்குள் முழுகி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆளுக்கொரு பாத்திரமும் பாயும் கட்டித் தயாராக இருந்தோம். ஐந்தாம் நாள் விடியலில் தண்ணீர் இறங்கியபோது லைனே பின்பக்கம் வந்து நின்றது. வேலியில் ஒரு துண்டு போயிருந்தது. மற்றதெல்லாம் நின்றது. நீப்பா நாற்றுகள் சேற்றைப் பூசிக்கொண்டு, தலை கலைந்து நின்றன. கரையில் ஒரு சாண்கூடப் போகவில்லை, அண்ணி. பூங்காவனம் அக்கா அவரது மலாயில் கத்தியது அக்கரைக்குக் கேட்டு, அங்கிருந்தும் கத்தினார்கள். ருக்மணி அக்கா உட்கார்ந்து அழுதார். மருதமுத்து அண்ணன் அறுந்த துண்டைக் கட்ட மூங்கில் எடுக்கப் போய்விட்டார்.

தெய்வநாயகம் முதலாளி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். கூட வந்த ஆள் கோயில் கமிட்டி பேரைச் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கிக்கொண்டோம். வருகிற ஞாயிறு முதலாளியையும் அனுப்பச் சொன்னேன்.

சாக்கு வந்தது, பதில் வரவில்லை. அதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தனம்


கிள்ளான்
12-1-1957

அம்மாவுக்கும் தங்கைக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இங்கே அனைவரும் சுகம். எனக்கு இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்துவிட்டது. முதல் தேதியிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மேசைக்கு மேலே மின்விசிறி. துரை தொப்பி மாட்டிய ஆணியில் இப்போது என் குடை தொங்குகிறது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு.

அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள எண்ணம். நல்ல வீடு, பின்னால் ஓடை எதுவும் இல்லை. நீயும் வா. காஜா பெராங்கில் இனி என்ன இருக்கிறது?

கரை நின்றது என்று விஜயா சொன்னாள். சந்தோஷம்.

க. சுந்தரம்


காஜா பெராங்
6-10-1957

அண்ணனுக்கு,

ஒன்பது மாதம் நானும் எழுதவில்லை. அம்மா நலம். உங்கள் பொங்கல் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'ஓடை எதுவும் இல்லை' என்ற இடத்தில் அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுதந்திரம் வந்தது. கடையில் இரண்டு மாதம் கொடி தைத்தோம், என் விரலில் இன்னும் ஊசித் தழும்பு இருக்கிறது. பழைய துரை கப்பலேறிவிட்டார். புது அதிகாரி உள்ளூர்க்காரர், வெள்ளைச் சட்டை, நல்ல மலாய். போன வாரம் கரையைப் பார்க்க வந்தார். நீப்பா இப்போது என் தோளுக்கு மேல். பெரெம்பாங் மரமும் தானாகவே முளைத்து வருகிறது. கொக்கு வருகிறது. காய்ச்சல் இந்த வருஷம் ஒரு வீட்டில்தான். அதிகாரி நடந்து பார்த்தார், மண்ணைக் காலால் மிதித்துப் பார்த்தார், "பாகுஸ், பாகுஸ்" என்றார். லைன் வீடுகள் நிற்கலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நாங்கள் கை தட்டினோம்.

கை தட்டி முடிவதற்குள் அடுத்ததைச் சொன்னார். கடைசி வீடு மட்டும் காலி செய்ய வேண்டும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு லைனில் வீடு கிடையாது. தீபாவளி கழித்து ஒரு வாரம் தவணை.

"இந்தக் கரைய நட்டதே அவருதாங்க" என்றேன்.

"வெட்டுனதும் அவருதானே? பழைய வெசாரணையில அப்படித்தான் இருக்கு" என்றார் பொன்னுதுரை. இந்தத் தடவையும் மொழிபெயர்க்கவில்லை. நானே மலாயில் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கிள்ளான் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்ததுக்கு மேலே நான் என்ன செய்ய?" என்றார்.

நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அதை இனி நான் கேட்கவில்லை.

எழுதவும் வேண்டாம். எழுத்து உங்கள் கையில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டோம். வாயால் சொன்னதை வாயால் சொல்லுங்கள். ஒரு திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு வாருங்கள். அதே இடம், அதே ஆட்கள். புது அதிகாரியும் திங்கட்கிழமைப் பெரட்டுக்கு வருகிறார். எல்லார் முன்னாலும் நின்று, வேரோடு எடுக்கச் சொன்னது நான் என்று சொல்லுங்கள். கோப்பி நான் கொண்டுவருகிறேன்.

தனலட்சுமி


காஜா பெராங்
3-11-1957

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். தீபாவளி போனது. நாலு திங்கட்கிழமையும் போனது. நாலு நாளும் கோப்பியோடு நின்றேன். ஆறிப்போனதை ஆட்கள் குடித்தார்கள்.

மருதமுத்து அண்ணன் குடும்பம் நேற்று வீட்டைக் காலி செய்தது. செமாபோக் போக லோரி பேசி வைத்திருந்தார். அம்மா வேலையிலிருந்து வந்து, அவர்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்குள் போனார். ருக்மணி அக்கா பின்னால் ஓடினார்.

"வேணாங்க பெரியம்மா, ஒங்க வீட்டையும் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும். எம் பேருல உள்ள வீடு. வந்து எங்கிட்ட கேக்கட்டும். வெறவு எங்க வச்சிருக்க? எடுத்தா."

லோரிக்காரன் வாடகை கேட்டான். ஓடைக்கு மூங்கில் கொண்டுவந்து போடு, தருகிறோம் என்றேன். இரண்டு கட்டு கொண்டுவந்தான். இன்று காலை வேலியில் அடித்துவிட்டோம். முப்பத்திரண்டு பேர்.

உங்கள் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது மருதமுத்து அண்ணன் பாய் விரித்திருக்கிறார். விருந்தாளியாக இருக்கச் சம்மதித்திருக்கிறார், திரும்பவும் வேலை கிடைக்கும்வரை. அவருக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. நீங்கள் வருவீர்கள் என்கிறார். ஓடை முகப்பில் உங்கள் பக்காவ் ஏழு பிழைத்திருக்கின்றன, அதைச் சுற்றி ஒரு தனி வேலி கட்டியிருக்கிறார், ஆடு கடிக்காமலிருக்க. நான் கட்டச் சொல்லவில்லை.

அண்ணா, நாளை திங்கட்கிழமை. இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அது போய்விடும். அடுத்ததற்கு வாருங்கள். பெரட்டு ஆறு மணிக்கு. வந்து சொல்லுங்கள்.

தனலட்சுமி